டாக்டர் கஷேவின் உருவப்படம்

டாக்டர் கஷேவின் உருவப்படம் என்பது ஒல்லாந்து ஓவியர் வின்சென்ட் வான் கோ 1890ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஆகும். அவரது இறுதி நாட்களில் அவரைக் கவனித்து வந்த மருத்துவர் போல் கஷே இதில் இடம்பெற்றுள்ளார். ஒரே பொருளில் இரு ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டாவது பாரிசிலுள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளது. இக்கட்டுரை பெரும்பாலும் முதல் ஓவியத்தைப் பற்றியது. இது 1990ஆம் ஆண்டு மே 15 அன்று நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் 8.25 கோடி அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டு, அதுவரை ஏலத்தில் விற்கப்பட்ட கலைப்பொருட்கள் அனைத்திலும் மிகுந்த விலை பெற்றதாக ஆனது. அதன் பின்னர் இவ்வோவியம் எந்தக் காட்சியிலும் வைக்கப்படவில்லை.

ஓர் ஓவியம் வரையப்பட்ட நாள் முதல் யார் யார் கைக்கு, எவ்வழியாக, என்ன விலைக்குச் சென்றது என்பதைத் தொகுத்துக் கூறுவது அதன் உடைமை வரலாறு எனப்படும். ஓவியம் போலியானதன்று என்பதற்கும், திருட்டோ பறிமுதலோ இன்றிக் கைமாறியது என்பதற்கும் அருங்காட்சியகங்கள் இதனையே முதன்மைச் சான்றாகக் கொள்கின்றன. டாக்டர் கஷேவின் உருவப்படம் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் பிரான்சு, ஒல்லாந்து, டென்மார்க், ஜெர்மனி, ஐக்கிய அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளில் இருந்துள்ளது. கலைச்சந்தையின் வளர்ச்சியையும் ஐரோப்பிய அரசியலின் கொடுமைகளையும் இந்த ஒரே துணியைக் கொண்டு விளக்கிவிடலாம் என்பதால் உடைமை வரலாற்று ஆய்வில் இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

ஓவியமும் பின்னணியும்

வான் கோ தென் பிரான்சின் சான் ரெமி மனநல விடுதியிலிருந்து வெளியேறி, 1890 மே 20 அன்று ஓவேர்-சுர்-உவாஸ் என்னும் சிற்றூருக்கு வந்தார். இவ்வூர் பாரிசுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கஷேவைப் பரிந்துரைத்தவர் ஓவியர் கமீல் பிசாரோ. 1828இல் பிறந்த கஷே, மனச்சோர்வு நோய் குறித்து ஆய்வேடு எழுதி மருத்துவப் பட்டம் பெற்றவர். ஓமியோபதி மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டவர். செசான், பிசாரோ முதலியோரின் நண்பராக இருந்ததுடன் தாமும் ஓவியமும் செதுக்கோவியமும் பயின்றவர். மனைவியை இழந்த அவரும் சோர்வுற்ற மனத்தினராகவே இருந்தார். இம்மருத்துவர் தன்னைவிட நோயுற்றவராகத் தோன்றுகிறார் என்ற பொருளில் வான் கோ தம்பி தியோவுக்கு எழுதியிருந்தார்.

ஓவியத்தில் கஷே சிவப்பு நிற மேசை மீது முழங்கையை ஊன்றி, வலக்கையால் கன்னத்தைத் தாங்கிச் சாய்ந்து அமர்ந்துள்ளார். தலையில் வெண்ணிறத் தொப்பி, உடலில் நீல மேலங்கி, பின்புலமும் நீலமே. மேசை மீது மஞ்சள் அட்டையிட்ட இரு நூல்கள் உள்ளன. அவை கொங்கூர் சகோதரர்கள் எழுதிய புதினங்களான ஜெர்மினி லசெர்தோ, மனெத் சலமோன் என்பவை. முன்னால் ஒரு கண்ணாடிக் குவளையில் டிஜிட்டாலிஸ் செடியின் ஊதா நிறப் பூங்கொத்து வைக்கப்பட்டுள்ளது. இச்செடியிலிருந்து இதய நோய்க்கான மருந்து எடுக்கப்படுவதால் இது மருத்துவத் தொழிலின் அடையாளமாகக் கருதப்படுகிறது. புகைப்படத்தைப் போன்ற ஒப்புமையைத் தாம் நாடவில்லை என்றும், தமது காலத்தின் துயரம் தோய்ந்த முகத்தைக் காட்டவே முயன்றதாகவும் வான் கோவின் கடிதங்களிலிருந்து அறியலாம்.

இரு ஓவியங்கள்

தமது உருவப்படத்தைக் கண்டு பெரிதும் மகிழ்ந்த கஷே, அதைப் போலவே தமக்கும் ஒன்று வரைந்து தருமாறு கேட்டுக்கொண்டார். அவ்வாறு உருவான இரண்டாவது ஓவியத்தில் நூல்களும் குவளையும் இல்லை; டிஜிட்டாலிஸ் கொத்து மேசை மீது கஷேவின் கையருகே உள்ளது. வண்ணங்களும் எளிமையானவை. டெ லா பாய் தொகுத்த வான் கோ ஓவியப் பட்டியலில் முதல் ஓவியத்தின் எண் 753, இரண்டாவதன் எண் 754.

இரண்டின் வரலாறும் இங்கேயே பிரிகின்றன. இரண்டாவது ஓவியம் கஷேவின் வீட்டிலேயே இருந்தது. அவர் 1909இல் இறந்த பின்னரும் அவரது மகனும் மகளும் அதைப் பாதுகாத்து, 1949இல் பிரெஞ்சு அரசுக்கு நன்கொடையாக வழங்கினர். அது ஒரே ஒருமுறைதான் கைமாறியது, அதுவும் விலையின்றி. வான் கோவின் கடிதங்களில் இது பற்றிய குறிப்பு இல்லாமையாலும், கஷேவும் ஓவியம் வரைபவர் என்பதாலும், இது வான் கோவால் வரையப்பட்டதுதானா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. 1999இல் பாரிசு, நியூயார்க், ஆம்சுடர்டாம் நகரங்களில் நடந்த கஷே தொகுப்புக் கண்காட்சியை ஒட்டிச் செய்யப்பட்ட ஆய்வகச் சோதனைகள் இது வான் கோவின் ஓவியமே என்ற முடிவுக்கு ஆதரவாக அமைந்தன.

முதல் ஓவியத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் நம்பகத்தன்மையைப் பெரிதாக எவரும் ஐயுற்றதில்லை. அது எங்கே இருக்கிறது என்பதே கேள்வி.

உடைமை வரலாறு

குடும்பத்திடமிருந்து டென்மார்க்கிற்கு (1890 – 1904)

வான் கோ 1890 ஜூலை 27 அன்று தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு, இரு நாட்கள் கழித்து இறந்தார். தம்பி தியோவும் 1891 ஜனவரியில் காலமானார். ஓவியங்கள் அனைத்தும் தியோவின் மனைவி ஜோஹன்னா வான் கோ-போங்கரிடம் வந்து சேர்ந்தன. கைக்குழந்தையுடன் ஒல்லாந்துக்குத் திரும்பிய அவர் பஸ்ஸம் என்னும் ஊரில் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்தார். நூற்றுக்கணக்கான ஓவியங்கள் அந்த வீட்டில் இருந்தன. அவற்றை விலைபோகாதவை என்று ஒதுக்கிவிடுமாறு சிலர் கூறியதை அவர் ஏற்கவில்லை. கண்காட்சிகளுக்கு இரவல் கொடுத்தும், சிலவற்றை மட்டும் அளந்து விற்றும் வான் கோவின் பெயரை நிலைநாட்டியவர் இவரே. வான் கோவின் கடிதங்களை 1914இல் நூலாகப் பதிப்பித்தவரும் இவரே. பிற்காலத்தில் கோடிகள் பெற்ற ஓவியங்களின் வரலாற்றை எழுதுவோர் இப்பெண்மணியின் பங்கைச் சில சமயம் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது பொருத்தமன்று.

டாக்டர் கஷேவின் உருவப்படம் 1897ஆம் ஆண்டு 300 பிராங்கு விலையில் இவரிடமிருந்து வெளியேறியது. பாரிசு கலைவணிகர் அம்புரோயிஸ் வொல்லார் வழியாக அதைப் பெற்றவர் ஆலிஸ் ரூபன் என்னும் டென்மார்க்கு ஓவியர். வான் கோவின் வாழ்நாளில் விற்றதாக உறுதியாக அறியப்படும் சிவப்புத் திராட்சைத் தோட்டம் என்ற ஓவியம் 1890இல் பிரசல்சில் 400 பிராங்குக்குப் போனதுடன் இதை ஒப்பிடலாம். ஏழு ஆண்டுகளில் விலை ஏறவில்லை என்பது இதனால் விளங்கும். கோபன்கேகனில் இந்த ஓவியம் மற்றொரு ஓவியரான மொகன்ஸ் பாலினிடம் சென்றது. முதல் இரு தனி உடைமையாளர்களும் ஓவியர்களே என்பது கவனிக்கத்தக்கது. வான் கோவின் ஓவியங்களை அக்காலத்தில் விரும்பி வாங்கியோர் பெரும்பாலும் அத்தொழிலினரே.

காசிரரும் கெஸ்லரும் (1904 – 1910)

1904இல் பெர்லின் கலைவணிகர் பால் காசிரர் இவ்வோவியத்தை வாங்கினார். ஜெர்மனியில் வான் கோவுக்குச் சந்தையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் இவர். அதே ஆண்டில் அவரிடமிருந்து இதைப் பெற்றவர் கோமகன் ஹாரி கெஸ்லர். நாட்குறிப்பாளராகவும் கலை ஆதரவாளராகவும் அறியப்பட்ட கெஸ்லர் அப்போது வைமார் நகர அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தார். பெல்ஜியக் கட்டடக் கலைஞர் ஹென்றி வான் டி வெல்டே அவரது வீட்டின் உள் அமைப்பை வடிவமைத்திருந்தார். 1906இல் ரோடனின் சித்திரங்களைக் காட்சிப்படுத்தியது குறித்து எழுந்த எதிர்ப்பினால் கெஸ்லர் பதவி விலகினார். நவீனக் கலையின் மீது ஜெர்மனியில் இருந்த வெறுப்பு நாசிகளுடன் தோன்றியதன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு சான்று. 1910இல் அவர் ஓவியத்தைப் பாரிசு வணிகர் யூஜின் துரூயேவுக்குக் கொடுத்தார்.

பிராங்பர்ட் (1911 – 1937)

ஓவியத்தின் வரலாற்றில் பொதுமக்கள் அதை இயல்பாகச் சென்று பார்க்க இயன்ற நீண்ட காலம் பிராங்பர்ட் காலமே.

பிராங்பர்ட் நகரின் ஸ்டேடல் அருங்காட்சியகம் 1815இல் வங்கியாளர் ஒருவரின் உயிலால் தோன்றிய தனியார் அறக்கட்டளை. நவீனக் கலைக்காக 1907இல் நகராட்சிக்கு உரிய கலைத்தொகுப்பு ஒன்று தொடங்கப்பட்டு, அதே கட்டடத்தில் வைக்கப்பட்டது. இரண்டுக்கும் இயக்குநராக இருந்தவர் கியோர்க் ஸ்வார்சென்ஸ்கி. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அறக்கட்டளையின் உடைமை வேறு, நகராட்சியின் உடைமை வேறு என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். டாக்டர் கஷேவின் உருவப்படம் நகராட்சித் தொகுப்பைச் சேர்ந்தது. ஸ்வார்சென்ஸ்கியின் முயற்சியால், பிராங்பர்ட் செல்வந்தர் விக்டர் மோசிங்கரின் கொடையாக 1911இல் அது அங்கு வந்தது.

அதே 1911ஆம் ஆண்டில் பிரேமன் அருங்காட்சியகம் வான் கோவின் கசகசாப் பூ வயல் ஓவியத்தை 30,000 மார்க்கு கொடுத்து வாங்கியதை எதிர்த்து, கார்ல் வின்னன் என்னும் ஓவியர் ஜெர்மானியக் கலைஞர்களின் கண்டன அறிக்கை ஒன்றை வெளியிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் கையெழுத்திட்டனர். அயல்நாட்டுக் கலைக்குப் பொதுப் பணம் செலவாவதும், ஜெர்மானியக் கலைஞர்கள் புறக்கணிக்கப்படுவதும் அதன் குற்றச்சாட்டுகள். இத்தகைய சூழலில் ஒரு நகராட்சி வான் கோவைச் சுவரில் மாட்டியது எளிய செயலன்று. கஷேவின் முகம் இருபதாண்டுகளுக்கு மேல் அங்குத் தொங்கியது. ஓவியர் மாக்ஸ் பெக்மான் 1925 முதல் 1933 வரை இதே நிறுவனத்தின் ஓவியப்பள்ளியில் ஆசிரியராக இருந்தார்.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத வழியினரான ஸ்வார்சென்ஸ்கி நகராட்சிப் பதவிகளிலிருந்து நீக்கப்பட்டார். அறக்கட்டளை தனியாருடையது என்பதால் ஸ்டேடலின் தலைமையில் மட்டும் சில ஆண்டுகள் நீடித்தார். டாக்டர் கஷேவின் உருவப்படம் அந்த ஆண்டே காட்சிக்கூடத்திலிருந்து எடுக்கப்பட்டுப் பூட்டிய அறையொன்றில் வைக்கப்பட்டது. பார்வைக்கு இல்லாத ஒன்று தாக்குதலுக்கும் ஆளாகாது என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். நான்கு ஆண்டுகள் அந்த எண்ணம் பலித்தது.

பறிமுதல் (1937 – 1938)

1937 ஜூன் இறுதியில் பரப்புரை அமைச்சர் கோயபல்ஸ், ஓவியர் அடோல்ப் சீக்லர் தலைமையிலான குழுவுக்குப் பொது அருங்காட்சியகங்களிலிருந்து 'சீரழிந்த கலை' எனப்பட்டவற்றை எடுத்துச்செல்ல அதிகாரம் அளித்தார். ஜூலை 19 அன்று மியூனிக்கில் அப்பெயரிலேயே கண்காட்சி திறக்கப்பட்டது. டாக்டர் கஷேவின் உருவப்படம் அக்கண்காட்சியில் வைக்கப்பட்டதாகச் சிலர் எழுதுவது தவறு. அது அப்போது பிராங்பர்ட்டில் பூட்டிய அறையில் இருந்தது. இரண்டாம் கட்டப் பறிமுதலின்போது, அதே ஆண்டின் இறுதியில் அது பெர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இந்நடவடிக்கையில் ஏறத்தாழ 20,000 கலைப்பொருட்கள் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து எடுக்கப்பட்டன.

1938 மே 31 அன்றுதான் இப்பறிமுதலுக்கு இழப்பீடற்ற சட்டம் இயற்றப்பட்டது. அதாவது, முதலில் எடுத்துக்கொண்டு பின்னர் சட்டம் செய்தனர்.

பறிமுதலானவற்றுள் அயல்நாட்டில் விலைபோகக்கூடிய சிலவற்றை ஹெர்மன் கோரிங் தமக்கெனத் தேர்ந்தெடுத்தார். கலைமீது கொண்ட பற்றால் அன்று. அவற்றை விற்று அயல்நாட்டுச் செலாவணி பெற்றுத் தாம் விரும்பிய பழைய திரைச்சீலை ஓவியங்களையும் பிறவற்றையும் வாங்குவதற்காகவே. அவரது முகவர் செப் ஆங்கரர், டாக்டர் கஷேவின் உருவப்படத்தையும் வான் கோவின் தொபினியின் தோட்டம் ஓவியத்தையும் செசானின் ஓவியம் ஒன்றையும் 1938இல் வங்கியாளர் பிரான்ஸ் கோனிக்சுக்கு விற்றார். இதே வகையில் பறிபோன மற்றொரு வான் கோவின் முடிவு வெளிப்படையானது. மியூனிக் அருங்காட்சியகத்திலிருந்து எடுக்கப்பட்ட, கோகனுக்குப் படையலாக்கப்பட்ட தன்னுருவப்படம் 1939 ஜூன் 30 அன்று சுவிட்சர்லாந்தின் லுசெர்ன் நகரில் பொது ஏலத்தில் 1,75,000 சுவிஸ் பிராங்குக்கு விற்கப்பட்டது. அது பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தை அடைந்து, இன்றும் அங்கு உள்ளது. கஷே சென்ற வழியோ தனியார் பேரங்களின் வழி.

ஸ்வார்சென்ஸ்கி ஜெர்மனியை விட்டு வெளியேறி, பின்னர் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். கெஸ்லர் 1937இல் பிரான்சில் நாடுகடந்த நிலையிலேயே இறந்தார்.

கோனிக்சும் கிராமார்ஸ்கியும் (1938 – 1990)

பிரான்ஸ் கோனிக்ஸ் ஜெர்மனியில் பிறந்து ஒல்லாந்தில் வாழ்ந்த வங்கியாளர். பழைய சித்திரங்களைத் தொகுத்தவர்களில் புகழ்பெற்றவர். 1939 ஆகஸ்டில், போர் தொடங்கும் தறுவாயில், மூன்று ஓவியங்களும் பாரிசிலிருந்து நியூயார்க்கிலுள்ள நோட்லர் கலைக்கூடத்திற்கு அனுப்பப்பட்டன. கோனிக்ஸ் 1941இல் கொலோன் தொடர்வண்டி நிலையத்தில் தொடர்வண்டியின் கீழ் விழுந்து இறந்தார்.

சீக்பிரீட் கிராமார்ஸ்கி ஆம்பர்க்கைச் சேர்ந்த யூத வங்கியாளர். 1920களில் ஆம்சுடர்டாமில் குடியேறியிருந்த அவர், 1939 நவம்பரில் லிசுபனுக்குத் தப்பிச்சென்று, 1940 ஜனவரியில் குடும்பத்துடன் நியூயார்க்கை அடைந்தார். ஓவியம் அவரது தொகுப்பில் சேர்ந்தது. அது எவ்வாறு சேர்ந்தது என்பதில்தான் உடைமை வரலாற்றின் மிகச் சிக்கலான பகுதி உள்ளது. கோனிக்ஸ் கிராமார்ஸ்கியின் வங்கியில் கடன் பெற்றவர். தமது கலைத்தொகுப்பை ஈடாக வைத்தவர். ஓவியங்கள் முறையாக விற்கப்பட்டனவா, கடனுக்கு ஈடாகச் சென்றனவா, அல்லது பாதுகாப்புக்காக மட்டும் ஒப்படைக்கப்பட்டனவா என்பது குறித்து கோனிக்சின் வழித்தோன்றல்கள் பிற்காலத்தில் கேள்வி எழுப்பினர்.

பிராங்பர்ட் நகரம் ஏன் ஓவியத்தைத் திரும்பக் கேட்கவில்லை என்ற வினா இயல்பாக எழும். 1938ஆம் ஆண்டுச் சட்டம் போருக்குப் பின்னரும் நீக்கப்படவில்லை. ஜெர்மன் அரசே தன் சொந்தப் பொது நிறுவனங்களிலிருந்து எடுத்து விற்றதால், அயல்நாடுகளில் நேர்மையாக வாங்கியவர்களிடம் அவற்றைத் திரும்பக் கோர இயலாது என்ற நிலைப்பாடே நிலைத்தது. தனியாரிடம், குறிப்பாக யூதர்களிடம், பறிக்கப்பட்ட ஓவியங்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குத் திருப்பியளிக்கும் கடமை தனியே உள்ளது. இவ்விரு வகைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இத்துறையில் பரவலாகக் காணப்படும் பிழை.

1961இல் கிராமார்ஸ்கி இறந்த பிறகும் ஓவியம் அக்குடும்பத்திடமே இருந்தது. அது பலமுறை நியூயார்க் பெருநகர அருங்காட்சியகத்திற்கு இரவலாக வழங்கப்பட்டது. 1984 முதல் 1990 வரை அங்கு ஏறத்தாழ நிலையான காட்சிப்பொருளாகவே இருந்தது. இதே அருங்காட்சியகத்தில் 1986 நவம்பர் முதல் 1987 மார்ச் வரை நடந்த வான் கோவின் சான் ரெமி, ஓவேர் காலக் கண்காட்சியிலும் இது இடம்பெற்றது. இரவல் என்பது உடைமையன்று. அருங்காட்சியகச் சுவரில் ஆண்டுக்கணக்கில் தொங்கும் ஓவியம் பொதுச் சொத்து என்று பார்வையாளர்கள் எண்ணிவிடுவதுண்டு. 1990இல் குடும்பத்தினர் விற்க முடிவு செய்தபோது அது ஒரே நாளில் சுவரிலிருந்து இறங்கியது.

1990 ஏலம்

அக்காலத்தில் கலைச்சந்தை வரலாறு காணாத ஏற்றத்தில் இருந்தது. 1987 மார்ச்சில் வான் கோவின் சூரியகாந்தி ஓவியத்தை ஜப்பானிய காப்பீட்டு நிறுவனமான யசுதா ஏறத்தாழ 4 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் அவரது ஐரிசு மலர்கள் 5.39 கோடி டாலருக்குச் சென்றது. 1985ஆம் ஆண்டின் பிளாசா உடன்பாட்டினால் யென் நாணயத்தின் மதிப்பு உயர்ந்ததும், ஜப்பானில் நிலவிலையும் பங்குவிலையும் பெருகியதும் இதற்கு முக்கியக் காரணங்கள். டோக்கியோ பங்குச்சந்தை 1989 டிசம்பர் இறுதியில் உச்சத்தைத் தொட்டு, 1990 தொடக்கம் முதல் சரியத் தொடங்கியிருந்தது. எனவே மே மாத ஏலம் வெற்றி பெறுமா என்ற ஐயமும் இருந்தது.

கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் 4 முதல் 5 கோடி டாலர் வரை மதிப்பிட்டிருந்தது. சில நிமிடங்களில் கேள்வி 7.5 கோடியை எட்டியது. வாங்குபவர் செலுத்த வேண்டிய 10 விழுக்காட்டுக் கட்டணத்துடன் மொத்தம் 8.25 கோடி டாலர். கேட்டவர் டோக்கியோ கலைவணிகர் ஹிடெட்டோ கோபயாஷி. அவர் யாருக்காக வாங்கினார் என்பது பின்னரே தெரிந்தது: டைஷோவா காகித நிறுவனத்தின் கௌரவத் தலைவர் ரியோயெய் சைட்டோ. அப்போது அவருக்கு வயது 74. இரு நாட்கள் கழித்து மே 17 அன்று, ரெனுவாரின் மூலான் தெ லா கலெட் நடன ஓவியத்தின் சிறிய வடிவத்தையும் சோதபீஸ் ஏலத்தில் 7.81 கோடி டாலருக்கு அவரே வாங்கினார். ஒரே வாரத்தில் இரு ஓவியங்களுக்கு ஏறத்தாழ 16 கோடி டாலர்.

கஷே ஓவியத்தின் ஏல விலையை 2004ஆம் ஆண்டு வரை எந்த ஓவியமும் மிஞ்சவில்லை. அவ்வாண்டு பிக்காசோவின் குழாய் ஏந்திய சிறுவன் 10.4 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. வான் கோவின் ஓவியங்களுக்குள் இதனை மிஞ்சிய முதல் ஓவியம் 2022 நவம்பரில் 11.7 கோடி டாலருக்கு விற்கப்பட்ட, சைப்ரஸ் மரங்களுடன் கூடிய பழத்தோட்டம் ஆகும்.

சைட்டோவும் எரியூட்டும் பேச்சும்

இரு ஓவியங்களும் டோக்கியோ பகுதியில் தட்பவெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட கிடங்கொன்றில் வைக்கப்பட்டன. 1991இல் சைட்டோ, தாம் இறந்தபின் இவ்வோவியங்களையும் தம்முடன் சவப்பெட்டியில் வைத்து எரித்துவிட வேண்டும் என்று கூறியதாகச் செய்தி வெளியானது. வாரிசுகள் மீது விழும் மரபுரிமை வரி பற்றிய பேச்சினிடையே இது கூறப்பட்டது. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. ஓவியத்தின் மீதுள்ள அன்பை வெளிப்படுத்தவே அவ்வாறு கூறியதாகவும், எரிக்கும் எண்ணம் இல்லை என்றும் பின்னர் விளக்கப்பட்டது. ஆயினும் இக்கூற்று ஒரு முக்கியமான சட்ட உண்மையை வெளிப்படுத்தியது: ஓவியத்தை விலை கொடுத்து வாங்கியவர் அதை அழித்தாலும், பல நாடுகளின் சட்டங்களில் அதைத் தடுக்கத் தெளிவான வழி இல்லை.

ஜப்பானியப் பொருளாதாரம் சரிந்தபோது சைட்டோவின் செல்வமும் சரிந்தது. காட்டுநிலம் ஒன்றைக் கோல்ப் மைதானமாக்குவதற்கு மியாகி மாகாண ஆளுநருக்குக் கையூட்டு அளித்த வழக்கில் 1993இல் கைது செய்யப்பட்டு, 1995இல் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். அந்த மைதானத்திற்கு வின்சென்ட் என்று பெயரிட அவர் எண்ணியிருந்தார். 1996 மார்ச்சில் அவர் இறந்தார்.

ஓவியம் எரிக்கப்படவில்லை. 1990களின் பிற்பகுதியில் அது ஜப்பானை விட்டு வெளியேறித் தனிப்பட்ட விற்பனையில் கைமாறியது. ஆஸ்திரியாவில் பிறந்த நிதி மேலாளர் வொல்ப்காங் பிளாட்டல் அதை வாங்கியதாகவும், நிதி இழப்பின் காரணமாக விற்க நேர்ந்ததாகவும் செய்திகள் வெளியாயின. அதன் பின்னர் ஐரோப்பாவில் தனியார் ஒருவரிடம் இருப்பதாகவே இதழியலாளர்களின் தேடல்கள் சுட்டுகின்றன. எந்த உடைமையாளரும் பொதுவில் முன்வந்து உரிமை கொண்டாடவில்லை.

கண்காட்சிகளில் வெற்றிடம்

1990க்குப் பிந்தைய கண்காட்சி வரலாறு என்பது இவ்வோவியம் இடம்பெறாத கண்காட்சிகளின் வரலாறே. 1999ஆம் ஆண்டு கஷே தொகுப்புக் கண்காட்சியில் கஷேவின் மிகப் புகழ்பெற்ற முகம் இல்லை. 2023இல் ஆம்சுடர்டாமிலும், தொடர்ந்து 2024 பிப்ரவரி வரை பாரிசிலும் நடந்த, வான் கோவின் இறுதி மாதங்களைப் பற்றிய பெருங்காட்சியிலும் ஓர்சேயின் இரண்டாவது ஓவியமே வைக்கப்பட்டது. ஒருவர் இரவல் கொடுத்தால் தமது பெயர் வெளிவரும். பெயர் வெளிவந்தால் வரி, உரிமைக் கோரிக்கை, பாதுகாப்பு ஆகிய கேள்விகள் தொடரும். கோனிக்ஸ் காலத்துக் கைமாற்றம் தெளிவுபடாத நிலையில், இவ்வோவியத்தைப் பொறுத்தவரை இத்தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே.

ஓவியத்தின் உருவம் காப்புரிமை நீங்கிய பொதுவெளியில் உள்ளது. நூல்களிலும் சுவரொட்டிகளிலும் காணப்படும் படங்கள் பெரும்பாலும் 1990க்கு முன் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களின் படிகள். அதனால் அதன் வண்ணங்களின் இன்றைய நிலை, வான் கோவின் வேறு சில ஓவியங்களில் நிகழ்ந்தது போலச் சிவப்புச் சாயம் வெளிறியுள்ளதா என்பன போன்றவற்றைப் புதிய கருவிகளைக் கொண்டு ஆராய அறிஞர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஸ்டேடல் அருங்காட்சியகம் 2019 அக்டோபர் முதல் 2020 பிப்ரவரி வரை, ஜெர்மனியில் வான் கோவின் புகழ் உருவான வரலாற்றைக் கூறும் கண்காட்சி ஒன்றை நடத்தியது. அதற்கு முன்னோட்டமாக, ஓவியத்தைத் தேடும் ஒலித்தொடர் ஒன்றையும் வெளியிட்டது. 1937இல் ஓவியம் எடுத்துச்செல்லப்பட்டபோது அதன் சட்டகம் மட்டும் பிராங்பர்ட்டிலேயே தங்கிவிட்டிருந்தது. அக்கண்காட்சியில் ஸ்டேடல் அந்தச் சட்டகத்தை உள்ளே எதுவுமின்றிச் சுவரில் மாட்டி வைத்தது.